எதிராளியின் கையில் கை வைக்கலாமா?

திருச்சியில் யாரிடமாவது "சீட்டு பண்ணிட்டு இருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள். "மாசம் எவ்வளவு கட்டணும்?" என்று பாதிப் பேர் கேட்பார்கள். "காசு வச்சு ஆடுறதா?" என்று மீதிப் பேர் முகம் சுளிப்பார்கள். இந்த இரண்டிலும் சேராத சீட்டு ஒன்று உண்டு. அதை வடிவமைப்பது ஒரு தொழில். அந்தத் தொழிலுக்குள் நுழைய நினைப்பவர்களுக்காக இந்தக் கட்டுரை.

விளையாட்டு வடிவமைப்பாளர் வேலை கேட்டுப் போகும்போது, ஏற்கெனவே செய்த ஒன்றைக் காட்ட முடிந்தால் நல்லது. தனி ஆளாகச் செய்யக்கூடியது 'க்யூப்'. 1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய 'மேஜிக்: தி கேதரிங்' ஆட்டத்தின் ஆயிரக்கணக்கான சீட்டுகளிலிருந்து 360-ஐ நீங்களே பொறுக்கி ஒரு தொகுப்பாக்க வேண்டும். எட்டுப் பேர் வட்டமாக உட்காருவார்கள். ஆளுக்கு 15 சீட்டு கொண்ட மூன்று கட்டு. ஒன்றை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பக்கத்தில் தள்ள வேண்டும். ஆளுக்கு 45 சேரும். எட்டுப் பேருக்கு 360 சரியாகப் போச்சு. அந்த 45-இல் நல்லதாக 23 எடுத்து, மற்றச் சீட்டுகளை ஆடத் தேவையான 'மானா' என்ற சக்தியைத் தரும் லேண்ட் சீட்டு 17 சேர்த்து, 40 சீட்டு டெக் கட்டி இருவர் இருவராக மோதுவார்கள். எது உள்ளே, எது வெளியே என்ற முடிவு முழுக்க உங்களுடையது.

அங்கேதான் சிக்கலான ஒரு கேள்வி வரும். எதிராளி கையில் வைத்திருப்பதை, அவர் ஆடும் முன்பே பிடுங்கிப் போடும் சீட்டுகளைச் சேர்க்கலாமா? சேர்க்கலாம் என்பது என் பதில். ஒரு நிபந்தனை: தாயக்கட்டத்தில் இருக்கும் மூன்று ஏற்பாடும் உங்கள் தொகுப்பில் இருக்க வேண்டும்.

திண்ணையில் கற்ற பாடம்

ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்கப் பரமபதம் ஆடுவது பழக்கம். பாம்பு கடித்தால் யார் மேலும் கோபம் வராது. விழுந்த எண் அப்படி. தாயம் வேறு. உங்கள் காய் எதிராளியின் காய் நிற்கும் கட்டத்தில் போய் இறங்கினால் வெட்டு. எந்தக் காயை நகர்த்தலாம் என்று யோசித்து நீங்கள் செய்த வேலை அது. வெட்டுப்பட்டவர் உங்களைத்தான் முறைப்பார்.

ஆனாலும் உத்தர வீதித் திண்ணையில் என் பாட்டியும் அடுத்த வீட்டு மாமியும் மத்தியானம் தவறாமல் தாயம் ஆடினார்கள். "இப்படியா வெட்டுவே, பாவி!" என்று மாமி கத்துவார். மறுநாள் இரண்டு மணிக்குப் பித்தளைக் கட்டையோடு அவரே முதலில் வந்து உட்காருவார். அவரைத் திரும்ப வரவழைத்தவை மூன்று.

முதலாவது, வெட்டு வருவது தெரியும். காய்கள் கண்ணெதிரே நிற்கின்றன. பின்னால் ஐந்து கட்டம் தள்ளி ஒருவர் நின்றால், ஐந்து விழுந்தால் போச்சு என்று முன்னாடியே புரியும். இரண்டாவது, ஒதுங்க இடம் உண்டு. பெருக்கல் குறி போட்ட கட்டத்தில் நிற்கும் காயை யாரும் தொட முடியாது. மூன்றாவது, திரும்பி வர வழி உண்டு. வெட்டுப்பட்ட காய் இன்னொரு தாயம் விழுந்தால் மறுபடி இறங்கும்.

தெரியணும், ஒதுங்கணும், திரும்பணும். பறிக்கும் சீட்டு ஒவ்வொன்றையும் இந்த மூன்றிலும் உரசிப் பாருங்கள்.

ஐந்து வகை, ஐந்து தீர்ப்பு

1. பார்த்து எடுப்பது. 2007-இல் வந்த 'தாட்சீஸ்' நல்ல உதாரணம். எதிராளி கையைக் காட்டுவார். லேண்ட் அல்லாத ஒன்றை நீங்கள் எடுத்து எறியலாம். பதிலுக்கு உங்கள் 20 உயிர்ப் புள்ளியில் 2 போகும். ஒன்றுக்கு ஒன்று என்ற நேர்மையான பண்டமாற்று. எதை எடுப்பது என்று தீர்மானிப்பதில் ஆடுபவரின் திறமையும் வெளிப்படும். சேருங்கள்.

2. கொடுப்பவரே தேர்ந்தெடுப்பது. 'மைண்ட் ராட்' மூன்று மானாவுக்கு இரண்டு சீட்டைக் கேட்கும். எந்த இரண்டு என்பது எதிராளியின் விருப்பம். வலிக்கும், ஆனால் முடிவு அவருடையது. புதியவர்கள் ஆடும் தொகுப்புக்கு ஏற்றது.

3. மேசையில் நின்று சண்டை போடும் கிரியேச்சரோடு ஒட்டி வருவது. 'பர்க்லர் ராட்' இறங்கும்போது எதிராளி ஒரு சீட்டைப் போட வேண்டும். எலி மேசையில் தங்கிவிடும். எதிராளியின் கை காலியான பிறகு வந்தாலும் வீணாகாது. 'ஹிப்னாடிக் ஸ்பெக்டர்' அடித்தால்தான் பறிக்கும். அதற்குள் அதைக் கொன்றுவிடலாம். வெட்டு வருவது தெரிகிறது அல்லவா? தாராளமாகச் சேருங்கள்.

4. கண்ணை மூடிப் பறிப்பது. 1994-இன் 'ஹிம் டு டுராக்' இரண்டே மானாவுக்கு, குலுக்கல் முறையில் இரண்டு சீட்டைக் காலி செய்யும். யோசித்துத்தான் சேர்க்க வேண்டும்.

5. கையை மொத்தமாகத் துடைப்பது. 'மைண்ட் ட்விஸ்ட்' அடிப்படை ஒரு மானாவுக்கு மேல் எவ்வளவு கொட்டுகிறீர்களோ அத்தனை சீட்டைப் பிடுங்கும். போட்டிகளிலேயே தடைக்கு உள்ளான சீட்டு. வேண்டாம்.

நான்காவது வகையில் நான் சூடுபட்டிருக்கிறேன். தில்லைநகர் மாடி வீடு, சனிக்கிழமை சாயங்காலம். நவல்பட்டு ஐடி பார்க்கில் வேலை பார்க்கும் நண்பர் முதல்முறை வந்திருந்தார். அவர் கையில் ஏழு சீட்டு, அதில் லேண்ட் இரண்டு. என் இரண்டாவது முறையிலேயே 'ஹிம்' விழுந்தது. போன இரண்டில் ஒன்று லேண்ட். அடுத்த நான்கு முறையும் அவருக்கு லேண்ட் வரவில்லை. சீட்டை எடுப்பார், பார்ப்பார், "நீங்க ஆடுங்க" என்பார். கடைசியில் கையைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீ கிளாஸைக் கழுவப் போய்விட்டார்.

துரதிர்ஷ்டம் என்று அன்று நினைத்தேன். பிறகு கணக்குப் போட்டேன். ஏழில் இரண்டு லேண்ட் இருக்கும்போது, கண்ணை மூடி இரண்டைப் பறித்தால் ஒரு லேண்டாவது போகும் வாய்ப்பு 21-இல் 11, பாதிக்கு மேல். அந்தச் சாயங்காலத்தைக் கெடுத்தது என் தேர்வு.

எத்தனை சேர்ப்பது?

மேஜிக் சீட்டுகளுக்கு ஐந்து நிறங்கள், ஆளுக்குப் பெரும்பாலும் இரண்டு நிறம். எட்டுப் பேரில் மூன்று பேர் கறுப்பு எடுப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பறிக்கும் சீட்டு பெரும்பாலும் கறுப்பில்தான் இருக்கும். தொகுப்பில் ஆறு வைத்தால் ஆளுக்கு இரண்டு வரும். 40 சீட்டு டெக்கில் இரண்டு இருந்தால், தொடக்கக் கை ஏழில் ஒன்றாவது இருக்கும் வாய்ப்பு சுமார் 32 விழுக்காடு; மூன்று ஆட்டத்துக்கு ஒன்று. பன்னிரண்டு வைத்தால் ஆளுக்கு நான்கு, வாய்ப்பு 55 விழுக்காடு. அதற்கு மேல் போனால் கறுப்போடு மோதும்போதெல்லாம் கையை இழந்தே தொடங்க வேண்டியிருக்கும். ஆறில் தொடங்குங்கள். நான்கு பேர்தான் வருவார்கள் என்றால் 360-இல் பாதிதான் மேசைக்கு வரும். பறிக்கும் சீட்டும் சராசரியாக மூன்றுதான் வரும்.

ஒவ்வொரு பறிக்கும் சீட்டுக்கும் பெருக்கல் குறிக் கட்டம் குறைந்தது இரண்டு போடுங்கள். கூடுதல் சீட்டு இழுக்க உதவுபவை, மலிவு விலையில் சீக்கிரம் இறங்குபவை, குப்பைக்குப் போன பிறகும் ஆடக்கூடிய 'ஃப்ளாஷ்பேக்' சீட்டுகள். சினிமாவில் மட்டுமா, சீட்டாட்டத்திலும் செத்தவர் ஃப்ளாஷ்பேக்கில் வருவார்.

உங்கள் மேசையின் வேகம் என்ன?

வேகமான தொகுப்பில் நான்காவது, ஐந்தாவது முறையிலேயே கை காலி. அங்கே ஒருமுறை பறித்துவிட்டு முடிகிற சீட்டு பின்னால் வந்தால் வெறும் காகிதம். எலி வகைதான் எடுபடும். மெதுவான தொகுப்பில், இரண்டு மூன்று சீட்டைச் சேர்த்து வைத்து ஒரேயடியாக ஆட்டத்தை முடிக்கும் டெக்குகள் தலைதூக்கும். அங்கே பறிக்கும் சீட்டு இல்லையென்றால், ஆடும் சீட்டையே ரத்து செய்யும் நீல நிறத்துக்காரர் தவிர வேறு யாராலும் அவர்களைத் தடுக்க முடியாமல் போகலாம். அந்த மேசையில் 'தாட்சீஸ்' தேவை.

குப்பையிலிருந்து பெரிய கிரியேச்சர்களை எழுப்பும் டெக் இருந்தால் கவனம். எதிராளியே தேர்ந்தெடுக்கும் வகைச் சீட்டை அவர் மேல் ஆடினால், அவர் போட நினைத்ததை நீங்களே போட உதவியதாகிவிடும்.

சேர்க்கவே வேண்டாம் என்ற முடிவும் தவறில்லை. 2010-இல் அந்துவான் பௌசா உருவாக்கிய '7 வொண்டர்ஸ்' ஆட்டத்தில் யாரும் யார் கையையும் பறிப்பதில்லை. பக்கத்தில் தள்ள வேண்டிய நல்ல சீட்டை நீங்கள் எடுத்துக்கொள்வதே போதுமான குறும்பு. 2008-இன் 'டொமினியன்' பறிக்கிறது. அதன் 'மிலிஷியா' மற்றவர்களின் ஐந்து சீட்டுக் கையை மூன்றாகக் குறைக்கும். ஆனால் அதே பெட்டியில் 'மோட்' என்ற அகழிச் சீட்டையும் வைத்தார்கள். அதைக் காட்டினால் தாக்குதல் உங்களைத் தொடாது. பெருக்கல் குறிக் கட்டம்தான், பெயர் மட்டும் அகழி.

ஆடிப் பார்க்கும்போது

பத்து ஆட்டம் ஆடவிட்டு, பக்கத்தில் சும்மா உட்கார்ந்து மூன்றே விஷயம் குறியுங்கள். பறிக்கும் சீட்டு எத்தனையாவது முறையில் விழுந்தது? என்ன போனது? பறிகொடுத்தவர் அடுத்த இரண்டு முறைக்குள் அர்த்தமுள்ள ஏதாவது ஆடினாரா? மூன்றாவதுக்கு "இல்லை" என்ற பதில் பத்தில் மூன்று தடவை வந்தால் ஒரு சீட்டை வெளியே எடுங்கள்.

நடுவில் புகுந்து விளக்காதீர்கள். "அது ஏன்னா..." என்று நீங்கள் வாயைத் திறந்தால், எதிரில் இருப்பவரின் கருத்தை நீங்களே பறித்துவிட்டீர்கள்.

வேலைக்கு எப்படி உதவும்?

360 சீட்டின் பட்டியலை முழுதாகப் படிக்க எந்த மேலாளருக்கும் நேரம் கிடைப்பது அரிது. அரைப் பக்கத்தில் ஒரு முடிவை எழுதிக் கொடுங்கள். யாருக்கான தொகுப்பு, என்ன சிக்கல் வந்தது, எதை மாற்றினீர்கள், மாற்றிய பிறகு என்ன ஆனது. நான்கே பத்தி. "ஹிம்மை எடுத்துவிட்டு பர்க்லர் ராட் வைத்தேன், காரணம் இந்த 21-இல் 11" என்று சொல்லத் தெரிந்தவர், நேர்காணலில் "எனக்குப் பிடிக்கல, எடுத்துட்டேன்" என்பவரை முந்துவார்.

எச்சரிக்கை இரண்டு. பிறர் ஓவியத்தை நகலெடுத்து அச்சிட்டு விற்காதீர்கள். விற்க நினைத்தால் சீட்டின் பெயர், படம், வாசகம் எல்லாம் சொந்தமாக இருக்கட்டும். பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை 2025-இல் மத்தியச் சட்டம் தடைசெய்துவிட்டது. அந்தப் பக்கம் வேலை தேடி அலைய வேண்டாம். மேசை விளையாட்டில் வழி இருக்கிறது. சென்னையில் வினிதா சித்தார்த்தா தொடங்கிய 'கிரீடா' தாயத்தையும் பல்லாங்குழியையும் பரமபதத்தையும் இன்றைய வீடுகளுக்குத் திரும்பக் கொண்டுவந்தது. இருந்தாலும் முதல் தொகுப்பு முடியும்வரை கையில் இருக்கும் வேலையை விடாதீர்கள்.

இன்று ராத்திரியே பட்டியல் போட உட்காருவதாக இருந்தால், வரிசை முக்கியம். பாட்டி திண்ணையில் சாக்பீஸால் கோடு கிழித்து முடித்ததும், முதலில் பெருக்கல் குறிகளைத்தான் போடுவாள். புளியங்கொட்டையும் சோழியும் மடியிலிருந்து அப்புறம்தான் வெளியே வரும்.