பூந்தோட்டமும் பெயரும்: சிங்கப்பூர் வாம்போ மாளிகை – இடப்பெயர் நோக்கு

முன்னுரை

தமிழக ஊர்ப்பெயர்களுள் கா, சோலை முதலிய சொற்களை ஈறாகக் கொண்டவை பல. திருவானைக்கா, பழமுதிர்சோலை, கொல்லிமலை அடிவாரத்துப் புளியஞ்சோலை ஆகியன சான்றாகும். இப்பெயர்கள் மரங்கள் செறிந்த நிலத்தைத் தாமே உணர்த்துகின்றன. மறைந்த தோட்டத்தை எல்லா இடப்பெயர்களும் இவ்வாறு உணர்த்துவதில்லை. தமிழர் வாழ்வோடு பிணைந்த சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் இருந்த ஒரு சீனரின் மாளிகை, இவ்வேறுபாட்டைத் தெளிவாக்குகிறது.

மாளிகையும் தோட்டமும்

சீனாவின் கன்டன் நகருக்கு அருகிலுள்ள வாம்போவில் பிறந்த ஹூ ஆ கே (1816–1880), 1830இல் சிங்கப்பூருக்கு வந்தார். கப்பல்களுக்கு வேண்டிய பொருள்களை வழங்கும் வணிகத்தில் உயர்ந்த அவரைப் பிறந்த ஊரின் பெயராலேயே ‘வாம்போ’ என அழைத்தனர். 1869இல் சட்டமன்ற உறுப்பினரானார். சிராங்கூன் சாலையில் பராமரிப்பின்றிக் கிடந்த தோட்டமொன்றை வாங்கி, மாளிகை எழுப்பினார். விலங்கு வடிவில் கத்தரிக்கப்பட்ட செடிகள், பேரல்லிக் குளம், பறவைக்கூடம் முதலியன அங்கு அமைந்தன. சீனப் புத்தாண்டின்போது தோட்டம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

மறைவும் எச்சமும்

அவர் மறைந்தபின் வணிகர் சியா லியாங் சியா மாளிகையை வாங்கி, ‘பெண்டிமியர்’ எனப் பெயர் மாற்றினார். 1964இல் அரசு அந்நிலத்தைக் கையகப்படுத்த, மாளிகை இடிக்கப்பட்டது. இன்று வாம்போ என்பது அடுக்குமாடிக் குடியிருப்புப் பகுதியின் பெயர். பெண்டிமியர் என்பது சாலையின் பெயர். ஊர்ப்பெயர் ஆட்பெயராகி, மீண்டும் கடல்கடந்த இடப்பெயராகியுள்ளது. முன்னது உரிமையாளரையும் பின்னது வீட்டையும் சுட்டுகின்றன. தோட்டத்தைச் சுட்டும் சொல் இரண்டிலும் இல்லை.

இதற்கு மாறான நிலையும் அவர் வாழ்விலேயே உண்டு. டாங்லினில் அவருக்கிருந்த நிலம், போட் கீ பகுதி நிலத்துக்கு மாற்றாக அரசின் கைக்குச் சென்றது. 1859இல் அங்குத் தோன்றிய தாவரவியல் பூங்கா, 2015இல் யுனெஸ்கோ உலக மரபுச்சின்னமாயிற்று. தமக்கென அவர் வளர்த்த தோட்டம் மறைய, கைமாற்றிய நிலம் பொதுச்சோலையாக நிலைபெற்றுள்ளது.

முடிவுரை

இடப்பெயர் ஒரு வரலாற்றுச் சான்றே. எனினும் முழுச்சான்று அன்று. புளியஞ்சோலை என்னும் பெயர் தன் நிலத்தின் இயல்பைத் தானே கூறும். வாம்போ என்னும் பெயர் அவ்வாறு கூறாது. எழுத்துப் பதிவின் துணை அதற்குத் தேவை. புலம்பெயர் தமிழர் வாழ்விடங்களின் பெயர்களை ஆராய்வோரும், பெயர் காக்கும் செய்தியோடு அது விட்டுவிட்ட செய்தியையும் ஆவணங்களில் தேடித் தொகுத்தல் இன்றியமையாதது.