பைப் உடைஞ்சா முதல்ல வால்வு, அப்புறம்தான் பிளம்பர்!

காலை ஆறு மணி. அரக்கோணத்தில் பாதிப் பேர் ரயிலைப் பிடிக்கக் கிளம்பும் நேரம். 'டப்' என்று ஒரு சத்தம். குளியலறை பைப் உடைந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. உடனே போனை எடுத்து பிளம்பரைத் தேடுவோம். அவர் வருவதற்குள் என்ன ஆகும்? நிமிடத்துக்கு 15 லிட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால், 1,000 லிட்டர் தொட்டி 70 நிமிடத்துக்குள் காலி! அதனால் முதலில் தண்ணீரை நிறுத்துங்க.

1. கரண்ட்டைக் கவனிங்க
தண்ணீர் சுவிட்ச் போர்டு பக்கம் போகிறதா? காய்ந்த இடத்தில் நின்று மெயின் சுவிட்சை அணைங்க. மெயின் போர்டே நனைந்திருந்தால் தொடாதீங்க. எல்லோரும் வெளியே வந்து, மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்க.

2. எந்த பைப்னு பாருங்க
* மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் பைப்: தொட்டிக்கு அடியில் உள்ள வால்வை மூடுங்க. சக்கரம் வைத்ததை வலப்பக்கம் திருப்பணும். கைப்பிடி வைத்தது பைப்புக்குக் குறுக்கே நின்றால், மூடிவிட்டது என்று அர்த்தம்.
* மோட்டார் ஏற்றும் பைப்: மோட்டாரை நிறுத்தினாலே போதும்.
* நகராட்சி இணைப்பு: வீட்டுக்குள் நுழையும் இடத்தில் உள்ள வால்வை மூடுங்க.

3. தற்காலிகக் கட்டு
சின்ன விரிசல்தானா? பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி, இழுத்துச் சுற்றி, கம்பியால் முறுக்குங்க. இது ஒரு நாள் சமாளிப்புதான். உடைந்த பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் துண்டு ஒட்டுவதே சரியான வழி. ஈரத்தில் பசை பிடிக்காது. நன்றாகத் துடைத்து ஒட்டி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை காத்திருந்து வால்வைத் திறங்க. மொட்டை மாடி பிவிசி பைப் வெயிலில் நொறுங்கிப்போகும். பெயின்ட் அடித்தால் கூடுதல் நாள் உழைக்கும்.

4. தெருவில் கசிந்தால் சும்மா விடாதீங்க
'நம்ம வீட்டுத் தண்ணி இல்லையே' என்று கடந்து போகாதீங்க. சப்ளை நிற்கும் நேரத்தில், அதே விரிசல் வழியாகச் சாக்கடை நீர் குடிநீர்க் குழாய்க்குள் இறங்கலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு வருவது இப்படித்தான். இடம் தெரியும்படி போட்டோ எடுத்து, நகராட்சி அலுவலகத்தில் புகார் கொடுங்க. நடவடிக்கை இல்லையென்றால் முதல்வரின் முகவரி உதவி எண் 1100. புகார் எண்ணைக் கட்டாயம் குறித்து வைங்க. சரிசெய்த பிறகும் தண்ணீர் தெளியும்வரை திறந்துவிட்டு, கொதிக்க வைத்தே குடிங்க.

இன்னிக்கே செய்யுங்க
மாடிக்குப் போய் வால்வை ஒரு தடவை மூடித் திறந்து பாருங்க. பல வருஷம் தொடாத வால்வு துருவேறி, அவசரத்தில் அசையாது. அதை போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுங்க. நீங்கள் ரயிலில் இருக்கும்போது பைப் உடைந்தாலும், வீட்டில் இருக்கும் அம்மாவோ பிள்ளையோ மூடிவிடுவாங்க.