மனை வரைவில் தரை மறைவு

மனை கட்டப் புகுவோர் முதற்கண் அதன் உருவை மனத்தகத்தே வகுத்து, பின்னர் நிலத்தில் நூலிட்டு அளத்தல் தொன்றுதொட்டு வரும் வழக்கமாம். பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், நண்பகலிற் கோல்களின் நிழல் கண்டு திசை தேர்ந்து, நூலறிந்தோர் கயிறிட்டு அரண்மனை வகுத்த முறையை நக்கீரனார் விரித்துரைக்கின்றார். அக்கயிற்றின் தொழிலிற் பெரும்பகுதியை இக்காலத்திற் கணினி ஏற்றுக்கொண்டது. ஆயின் கணினியில் வரைந்த மனையிற் சுவரும் கதவும் செவ்வனே தோன்ற, தரை மட்டும் தோன்றாதொழிதலும், தோன்றினும் துடித்து மின்னுதலும், உரிய உயரத்தில் நில்லாமையும் பலர் கண்டு மயங்குவன. அவற்றின் காரணமும் தீர்வும் ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

இஃது ஓர் அற்ப ஆராய்ச்சியன்றோ எனின், அன்று. 1965ஆம் ஆண்டிற் சேலத்தினின்று பிரிந்து தனி மாவட்டமாகிய தருமபுரியில், பென்னாகரம், அரூர், பாலக்கோடு முதலிய பக்கங்களிலிருந்து பெங்களூருக்கும் ஒசூருக்கும் திருப்பூருக்கும் வேலை நாடிச் சென்றோர் பலர். அவர் ஈட்டி அனுப்பும் பொருளால் ஊரில் வீடு எழும்புகின்றது. கட்டுமிடத்தில் நாள்தோறும் நின்று காண இயலாத அவர்க்கு, கைப்பேசியில் வந்து சேரும் படமே வீடாகின்றது. அப்படத்திற் பிழையிருப்பின், அது படத்தின் பிழையா, கட்டடத்தின் பிழையா என்று அறியாமற் கொத்தனாரைக் கடிவதும், அறிந்தும் பொருட்படுத்தாது கடைக்கால் தோண்டுவதும் ஒருங்கே தீங்கு பயப்பனவாம்.

பலரும் விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்தும் ஸ்வீட் ஹோம் 3டி என்னும் மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பிரெஞ்சு நாட்டினராகிய எம்மானுவேல் பியுபாரே என்பார் ஜாவா மொழியில் இதனை இயற்றினார். இதன் திரையின் வலப்பக்கத்தே மேலே வரைபடமும், கீழே கன உருவமும் தோன்றும். பிழை தேடுவோர் இவ்விரண்டையும் ஒப்புநோக்குதலே முதற்படியாம்.

முதலாவது, தரை வரையப்படாமையே தரை தோன்றாமைக்குப் பெரும்பான்மைக் காரணம். நான்கு சுவர் எழுப்பினால் நடுவே தரை தானாக அமையும் என்று நாம் எண்ணுகின்றோம். கணினி அங்ஙனம் எண்ணுவதில்லை. அதற்குச் சுவர் வேறு, அறை வேறு. அறை வரையும் கருவியைத் தேர்ந்து, சுவர் சூழ்ந்த இடத்தினுள் இருமுறை சொடுக்கினால் அறை உண்டாம். அவ்வறைக்கே தரை உண்டு. சுவர்கள் ஒன்றோடொன்று கூடாது இடைவெளி இருப்பின் இம்முறை பலிக்காது. அப்போது சுவரைக் கூட்டுக. அன்றேல் மூலைகளை ஒவ்வொன்றாகச் சொடுக்கி அறையை வரைக.

இரண்டாவது, அறை இருந்தும் தரை மறைந்திருக்கலாம். அறையைத் திருத்தும் பெட்டியில், தரை தோன்றுக, கூரை தோன்றுக என்று தனித்தனிக் குறிகள் உள. தரைக்குரிய குறி நீங்கியிருப்பின், வரைபடத்தில் அறை இருந்தும் கன உருவில் தரை இராது.

மூன்றாவது, நிலை மாறாட்டம். ஏழுநிலைக் கோபுரம் என்று இன்றும் வழங்கும் தொடரில் நிலை என்பது அடுக்கினைக் குறிக்கும். இம்மென்பொருளிலும் ஒவ்வோர் அறையும் ஒரு நிலைக்கு உரியது. மாடியறையைக் கீழ்நிலை தேர்ந்திருக்கும்போது வரைந்தால், அதன் தரை கீழேயே தோன்றும். அன்றியும் எல்லா நிலைகளையும் ஒருங்கே காட்டும்போது மேல்தளம் கீழ்த்தரையை மூடி மறைக்கும், அது பிழையன்று. தேர்ந்த நிலையை மட்டும் காட்டச் செய்தால் மறைந்த தரை வெளிப்படும்.

நான்காவது, உயரக் கணக்கு. இதுவே படத்தைக் கடந்து கட்டடத்தைத் தாக்கவல்லது. சென்டிமீட்டர் அளவில் இம்மென்பொருள் தானே கொள்ளும் சுவருயரம் 250. தளத்தின் கனம் 12. ஆதலின் முதல்மாடியின் தரை 262 சென்டிமீட்டரில் அமையும். நம் ஊரார் சுவரைப் பத்தடி எழுப்ப விரும்பி, கீழ்நிலைச் சுவர்களின் உயரத்தை 304.8 என்று திருத்தி, மாடியின் உயரத்தைத் திருத்தாது விட்டால், கீழ்ச்சுவர் மாடித்தரையைத் துளைத்து 42.8 சென்டிமீட்டர் மேலெழும். காண்போர் அதனைக் கைப்பிடிச்சுவர் என்று மயங்குவர். ஐந்தங்குலத் தளத்திற்குரிய 12.7ஐப் பத்தடியோடு கூட்டி, மாடியின் உயரத்தை 317.5 என்றும், தளத்தின் கனத்தை 12.7 என்றும் இடுதல் வேண்டும்.

இதனோடு ஒத்தது, பேஸ்மட்டம் என்று கொத்தனார் வழங்கும் அடித்தள உயரம். மழைநீர் வீட்டினுட் புகாதிருக்க இரண்டடி, அதாவது ஏறக்குறைய 61 சென்டிமீட்டர், உயர்த்த விரும்பிக் கீழ்நிலையை மட்டும் உயர்த்தினால் வீடு அந்தரத்தில் தொங்குவதுபோலத் தோன்றும். அதன்கீழ் 61 சென்டிமீட்டர் உயரமுள்ள சுவர்களோடு வேறொரு நிலையை வரைதலே தீர்வு. வாயிற்படிகள் எத்தனை வேண்டும், முழங்கால் நோயுள்ள முதியோர் அவற்றில் ஏற வல்லரோ என்பதும் அப்போதே விளங்கும்.

ஐந்தாவது, தரை துடித்தல். ஒரே மட்டத்தில் இரண்டு பரப்புகள் பொருந்திக் கிடப்பின், எது முன்னது, எது பின்னது என்று கணினி துணியமாட்டாது. கண் நகருந்தோறும் இரண்டும் மாறி மாறி மின்னும். தரையின்மேல் விரித்த கம்பளமோ, தரைக்கெனக் கிடத்திய பலகையோ இங்ஙனம் துடிப்பின், அதனை ஒரு சென்டிமீட்டர் உயர்த்துக, துடிப்பு அடங்கும்.

ஆறாவது, படிக்கட்டின்மேல் தளம் திறவாமை. படிக்கட்டு மேல்தளத்தை எட்டும் உயரமுடையதாயின், அவ்விடத்துத் தரை தானே திறக்கும். எட்டாதாயின் தரை மூடியே கிடக்கும். ஏறுவோர் தலை தளத்தில் முட்டும். மாடியின் உயரத்தைத் திருத்துவோர் படிக்கட்டின் உயரத்தையும் உடன் திருத்துக.

ஏழாவது, தரையோட்டின் அளவு. இரண்டடி டைல்ஸின் படத்தை ஏற்றும்போது அதன் அகலத்தை 60 என்று இடுவதற்கு மாறாக 6 என்று இட்டால், கோடுகள் நெருங்கித் தரை ஒரே நிறமாகத் தோன்றும். தரை மட்டுமின்றிக் கன உருவம் முழுவதுமே கருமையாகத் தோன்றின், வரைவிற் குற்றம் தேடுதல் வீண். கணினியின் காட்சிக் கருவிக்குரிய இயக்கியைப் புதுப்பித்தலே முறை.

இவற்றைத் தொகுத்து நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். குறி நீங்கியதும், நிலை மறைத்ததும், பரப்புத் துடித்ததும் கண்ணளவில் நிற்கும் குற்றங்கள். அவற்றாற் கட்டடத்திற்கு ஊறில்லை. உயரக் கணக்கும் படிக்கட்டின் அளவும் தவறியவை அளவின் குற்றங்கள்; அவை செங்கல்லாகவும் கம்பியாகவும் மாறியபின் திருத்துதற்குப் பெரும்பொருள் வேண்டும். ஆதலின் படத்தைக் கண்ட அளவில் மனநிறைவு கொள்ளாது, ஒவ்வொரு நிலையின் உயரத்தையும் தாளிற் கூட்டிப் பார்த்து, அடியும் அங்குலமுமாகக் கொத்தனாரிடம் வாய்விட்டு உரைத்து, அவர் கூறும் எண்ணோடு ஒத்துப்பார்த்தல் நன்று. கணினி அறியாத மண்ணின் இயல்பை அவர் அறிவர்.

கோபுரம் கட்ட விரும்புவோன் முன்னர் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்னும் உவமை லூக்கா சுவிசேஷத்தில் உளது. விடுமுறையில் ஊர் செல்லும் நம் மாணவரிடம் அண்டை அயலார் இத்தகைய படங்களைக் காட்டி ஐயம் வினவுதல் இயல்பே. அப்போது படத்தின் அழகைப் புகழ்வதற்கு முன், தரை எத்தனை அடியில் நிற்கின்றது என்று கேட்டு, அவரோடு அமர்ந்து எண்ணிப்பார்ப்போமாக.