லேப்டாப் கீபோர்டு வெளிச்சம்: மாற்றுவதற்கு முன் ஒரு நிமிடம்

வீட்டில் எல்லாரும் படுத்த பிறகுதான் நிறைய பேருக்குப் படிக்கவே நேரம் கிடைக்கிறது. ஒரே அறை. டியூப்லைட்டைப் போட்டால் தம்பி எழுந்துவிடுவான், அப்பாவுக்குக் காலையில் வேலை. அதனால் லேப்டாப் திரையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, அந்த வெளிச்சத்திலேயே எழுத்தைத் தேடித் தேடித் தட்டுகிறோம். நாளைக்குக் கடைசி நாள் என்று இருக்கும் ஒரு விண்ணப்பத்தில் பிறந்த தேதியையோ ஆதார் எண்ணையோ தப்பாகத் தட்டிவிட்டால் அது சின்ன விஷயம் இல்லை.

இதற்காகத்தான் சில லேப்டாப்களில் விசைகளுக்கு அடியில் வெளிச்சம் வைத்திருக்கிறார்கள். அது கேமிங் ஆடுபவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். அந்த வெளிச்சத்தை எப்படிக் கூட்டுவது, தானாக அணையாமல் எப்படி வைப்பது, இல்லாத லேப்டாப்பில் பொருத்த முடியுமா என்று பார்ப்போம். இதில் பாதி வேலைக்குக் கடைக்கே போக வேண்டியதில்லை. அது தெரியாமல்தான் பலர் செலவு செய்கிறார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது?

விசைகளுக்கு அடியில் கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கும். அதன் ஓரத்திலோ நடுவிலோ குட்டிக் குட்டி எல்இடி விளக்குகள். அந்த விளக்குகளின் ஒளியைத் தாள் எல்லா விசைகளுக்கும் பரப்பிக் கொடுக்கும். விசையின் மேல் எழுத்து இருக்கும் இடம் மட்டும் ஒளி ஊடுருவும்படி இருப்பதால் எழுத்து மின்னுகிறது. 2003-ல் ஆப்பிள் வெளியிட்ட 17 அங்குல பவர்புக்கில் இதையே ஃபைபர் ஆப்டிக் இழைகளை வைத்துச் செய்திருந்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். விசைகளுக்கான ரிப்பன் கேபிள் வேறு, வெளிச்சத்துக்கான ரிப்பன் கேபிள் பெரும்பாலும் வேறு. வெளிச்சத்துக்கானது மெலிதாக, சில கம்பிகள் மட்டும் உள்ளதாக இருக்கும். அதனால் டைப் அடிப்பது சரியாக வேலை செய்துகொண்டே வெளிச்சம் மட்டும் போவதும் நடக்கும். அப்படி ஆனால் உடனே மதர்போர்டு போய்விட்டது என்று அர்த்தமில்லை.

முதலில், உங்கள் லேப்டாப்பில் அது இருக்கிறதா?

மேல் வரிசையில் இருக்கும் எஃப்1 முதல் எஃப்12 வரையிலான விசைகளைப் பாருங்கள். சின்னக் கட்டமும் அதிலிருந்து கதிர் வீசுவது போன்ற கோடுகளும் உள்ள படம் எதிலாவது இருக்கிறதா? சில லெனோவோ மாடல்களில் இந்தப் படம் ஸ்பேஸ் பார் மேலேயே இருக்கும். சூரியன் படத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது திரை வெளிச்சத்துக்கானது.

படம் இல்லையென்றால் அநேகமாக உங்கள் லேப்டாப்பில் விளக்கு இல்லை. ஒரே மாடல் பெயரில் விளக்கு உள்ளதும் இல்லாததும் இரண்டும் விற்பனைக்கு வருவது வழக்கம். "பக்கத்து வீட்டு அக்காவோட லேப்டாப்பும் இதே மாடல்தான், அதுல எரியுதே" என்று குழம்ப வேண்டாம். லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணை (டெல் என்றால் சர்வீஸ் டேக்) அந்த நிறுவனத்தின் சேவை இணையதளத்தில் போட்டால், உங்கள் மெஷின் எந்தப் பாகங்களோடு தயாரிக்கப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வாங்கிய லேப்டாப்பை இன்னும் பத்திரமாக வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். மாணவர்களின் படிப்புக்காகக் கொடுத்த அடிப்படை மாடல்கள் அவை. கீபோர்டு வெளிச்சம் இல்லையென்றால் அது பழுது அல்ல. உங்களுக்கான வழி இந்தக் கட்டுரையின் பின்பகுதியில் இருக்கிறது.

இருக்கு, ஆனா எரியல

லெனோவோவில் எஃப்என் விசையைப் பிடித்துக்கொண்டு ஸ்பேஸ் பாரைத் தட்டிப் பாருங்கள். மற்ற நிறுவனங்களில் அந்தப் படம் போட்ட விசையை மட்டும் தட்டுங்கள், எரியவில்லை என்றால் எஃப்என்னோடு சேர்த்துத் தட்டுங்கள். ஒருமுறை தட்டினால் மங்கலாக, இன்னொரு முறை தட்டினால் பிரகாசமாக, மறுபடி தட்டினால் அணைந்துவிடும்படி பல மாடல்களில் வைத்திருப்பார்கள். ஒரே தடவை தட்டிவிட்டு "வேலை செய்யல" என்று விட்டுவிடாதீர்கள்.

பகலில் சோதித்துப் பார்ப்பதும் குழப்பும். சில லேப்டாப்களில் அறையின் வெளிச்சத்தை அளக்கும் சென்சார் இருக்கும். வெளிச்சமான இடத்தில் விசை விளக்கு தேவையில்லை என்று அதுவே முடிவு செய்து அணைத்து வைத்துவிடும். மேக்புக் வைத்திருப்பவர்களுக்கு இது பழக்கமான விஷயம். ராத்திரியில், அறை விளக்கை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். பேட்டரி சேமிப்பு முறையில் இருந்தால் அதையும் மாற்றிப் பாருங்கள்.

ரொம்ப பேரைப் படுத்தும் பிரச்சினை அடுத்தது. விளக்கு எரிகிறது, ஆனால் ஒரு பத்தியைப் படித்து முடிப்பதற்குள் அணைந்துவிடுகிறது. விசையைத் தொட்டால் மறுபடி எரிகிறது. இது பழுதே இல்லை, பேட்டரி மிச்சமாகட்டும் என்று நிறுவனமே வைத்த கால வரம்பு. டெல், ஹெச்பி நிறுவனங்களின் பல மாடல்களில் இதை மாற்றலாம். ஆனால் அந்த அமைப்பு பெரும்பாலும் விண்டோஸில் இருக்காது, பயாஸ் என்ற பகுதியில் இருக்கும். அதனால்தான் தேடித் தேடியும் கிடைக்காமல் போகிறது.

பயாஸ் என்பது லேப்டாப் ஆன் ஆனதும், விண்டோஸ் வருவதற்கு முன்பே வேலை செய்யும் அடிப்படை மென்பொருள். லேப்டாப்பை முழுசாக அணைத்து, மறுபடி ஆன் செய்த உடனே ஹெச்பி என்றால் எஃப்10, டெல் என்றால் எஃப்2 விசையைத் திரும்பத் திரும்பத் தட்டுங்கள். உள்ளே போனதும் கீபோர்டு விளக்கின் பெயரோடு 'டைம்அவுட்' என்ற சொல் உள்ள வரியைத் தேடுங்கள். ஹெச்பியில் உள்ளமைந்த சாதனங்களுக்கான பகுதியில் இருக்கும். டெல்லில் சார்ஜரில் இருக்கும்போது எவ்வளவு நேரம், பேட்டரியில் இருக்கும்போது எவ்வளவு நேரம் என்று தனித்தனியாகவே வைக்கலாம். சில வினாடியிலிருந்து 'நெவர்', அதாவது அணையவே வேண்டாம் என்பது வரை தேர்வுகள் கிடைக்கும். சார்ஜரில் இருக்கும்போது நெவர், பேட்டரியில் ஒரு நிமிடம் என்று வைத்தால் இரவு படிப்புக்குப் போதும் என்பது என் கருத்து. கரண்ட் போன நேரத்தில் ஒவ்வொரு நிமிடமும் கணக்குதானே.

பயாஸுக்குள் வேறு எதையும் தொடாதீர்கள். குறிப்பாக 'செக்யூர் பூட்' என்று தொடங்கும் வரிகளை. அதை மாற்றினால் சில விண்டோஸ் லேப்டாப்கள் அடுத்த முறை திறக்கும்போது 48 இலக்கப் பிட்லாக்கர் மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கலாம். ஆனால் கடையில் யாரோ உருவாக்கிக் கொடுத்த கணக்கு என்றால் பாஸ்வேர்டு யாருக்கு ஞாபகம் இருக்கும்? எனவே ஒரே ஒரு வரியை மாற்றி, சேமித்து, வெளியே வந்துவிடுங்கள்.

லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு வேலை சுலபம். ஜினோம் 45 முதல், திரையின் மேல் மூலையில் திறக்கும் துரித மெனுவிலேயே கீபோர்டு வெளிச்சத்துக்கு ஒரு பட்டன் வந்துவிட்டது.

தமிழ் ஸ்டிக்கர் ஒட்டியவர்கள் கவனத்துக்கு

1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணையம் மாநாட்டின் தொடர்ச்சியாக வந்ததுதான் தமிழ்99 விசைப்பலகை. அதைப் பழகும்வரை விசைகளின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்பவர்கள் அதிகம். ஆனால் மலிவாகக் கிடைக்கும் கறுப்பு ஸ்டிக்கர்கள் ஒளியை அப்படியே மறைத்துவிடும். அடியில் விளக்கு எரிந்தாலும் விசைகளுக்கு இடையிலிருந்து மட்டும் வெளிச்சம் கசியும், எழுத்து தெரியாது. கீபோர்டு வெளிச்சம் உள்ள லேப்டாப்புக்கு, பின்புலம் இல்லாமல் எழுத்து மட்டும் அச்சிட்ட ஊடுருவும் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள். தூசு படாமல் இருக்கப் போடும் தடித்த சிலிக்கான் உறையும் வெளிச்சத்தைக் குறைக்கும்.

நிறம் மாறுமா?

வெள்ளை எல்இடி மட்டும் உள்ள கீபோர்டை எந்த மென்பொருளாலும் நீலமாகவோ சிவப்பாகவோ மாற்ற முடியாது. "இந்த ஆப் போட்டால் ஏழு கலர் வரும்" என்று ஏதாவது கண்ணில் பட்டால் நகர்ந்துவிடுங்கள். பலவண்ண விளக்கு உள்ள மாடல்களில் மட்டுமே அந்த நிறுவனத்தின் செயலி மூலம் நிறம் மாற்றலாம். விண்டோஸ் 11-ல், ஒத்துழைக்கும் கீபோர்டுகளுக்கு, அமைப்புகளில் 'டைனமிக் லைட்டிங்' என்ற பகுதியே இருக்கிறது.

வெள்ளை ஒளி கண்ணை உறுத்துகிறது என்று விசைக்கு அடியில் நிறத்தாள் ஒட்டிப் பார்க்கும் ஆட்களும் உண்டு. அதற்கு விசைகளைக் கழற்ற வேண்டும். லேப்டாப் விசைகள் கத்தரிக்கோல் மாதிரி மடங்கும் நுண்ணிய பிளாஸ்டிக் தாங்கிகளில் நிற்கின்றன. அதில் ஒரு கொக்கி உடைந்தால் அந்த விசை அதன்பின் ஆடிக்கொண்டேதான் இருக்கும். ஒளியை மங்கலான நிலையில் வைத்துக்கொள்வதே நல்லது.

இல்லாத லேப்டாப்பில் பொருத்தலாமா?

சில மாடல்களில் முடியும். விளக்கு உள்ள கீபோர்டை வாங்கி மாட்டினால் மட்டும் போதாது. மதர்போர்டில் அந்த இரண்டாவது ரிப்பன் கேபிளைச் செருகும் இணைப்பு இருக்க வேண்டும், அதற்கு மின்சாரம் கொடுக்கும் சின்னச் சின்னப் பாகங்களும் போர்டில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். செலவைக் குறைக்க, விளக்கு இல்லாத வகைகளில் நிறுவனங்கள் இந்தப் பாகங்களை விட்டுவிடுவது உண்டு. அப்படியானால் புதுக் கீபோர்டு டைப் அடிக்க உதவும், ஆனால் எரியாது. திங்க்பேட் டி480 போன்ற வணிக மாடல்களில் மாற்றுவது எளிது. நிறைய பேர் செய்திருக்கிறார்கள். மெலிதான மாடல்கள் பலவற்றில் கீபோர்டு மேல் மூடியோடு பிளாஸ்டிக் குமிழ்களால் உருக்கி ஒட்டப்பட்டிருக்கும். அங்கே மேல் மூடியையே மாற்ற வேண்டி வரும், செலவு ஏறும்.

எனவே பாகம் வாங்கும் முன் கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: "என் போர்டுல பேக்லைட் கனெக்டர் இருக்கா? திறந்து காட்டுங்க." திறந்து பார்க்காமலேயே "கண்டிப்பா எரியும்" என்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

நானே செய்கிறேன் என்பவர்களுக்கு: சார்ஜரைக் கழற்றி, லேப்டாப்பை அணைத்து, உள்ளே போனதும் முதல் வேலையாகப் பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். ரிப்பன் கேபிளைப் பிடித்து இழுக்கக் கூடாது. அதைப் பிடித்திருக்கும் குட்டித் தாழ்ப்பாளை நகத்தால் மெதுவாக நிமிர்த்தினால் கேபிள் தானாகத் தளரும். அந்தத் தாழ்ப்பாள் உடைந்தால் போர்டில் சால்டரிங் வேலைதான். பேட்டரி உப்பியிருப்பது தெரிந்தால் அதை அமுக்காமல், குத்தாமல், வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது இந்த வேலையைத் தொடங்காதீர்கள், செமஸ்டர் லீவில் பார்த்துக்கொள்ளலாம்.

இத்தனையும் வேண்டாம், வெளிச்சம் மட்டும் போதும் என்றால் யுஎஸ்பி விளக்கு இருக்கிறது. லேப்டாப்பின் யுஎஸ்பி துளையில் செருகினால் எரியும், கழுத்தை வளைத்துக் கீபோர்டு பக்கம் மட்டும் திருப்பிக்கொள்ளலாம். ஒரு சாதாரண யுஎஸ்பி 2.0 துளை 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட் வரை கொடுக்கும். சின்ன விளக்குக்கு அது தாராளம். பழைய விலையில்லா மடிக்கணினிக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

வாரன்டியும் ரசீதும்

வாரன்டி காலத்தில் இருக்கும் லேப்டாப்பை வெளியாரிடம் திறக்கக் கொடுக்காதீர்கள். இருந்த விளக்கு தானாக எரியாமல் போனால் அது நிறுவனம் சரிசெய்ய வேண்டிய பழுதுதான். தண்ணீர் பட்டோ கீழே விழுந்தோ இருந்தால் மட்டும் பேச்சு வேறு. புகார் கொடுக்கும்போது புகார் எண்ணை எழுதி வாங்குங்கள். வெளிக்கடை என்றால் மாற்றிய பாகத்தின் பெயர், விலை, எத்தனை நாள் உத்தரவாதம் என்பதெல்லாம் ரசீதில் இருக்கட்டும். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். எதை மாற்றினார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

பணம் வாங்கிக்கொண்டு வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அதிலும் தீரவில்லை என்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ரசீது, புகார் எண், கடைக்காரரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள்.