மறையாத வால்

சீன நாட்டில் முதியோரும் சிறாரும் ஒருங்கே விரும்பிக் கேட்கும் கதை கற்குரங்கின் கதை. கூத்தரும் கதை சொல்வோரும் நெடுங்காலம் வழங்கி வந்த அதனை, 1592ஆம் ஆண்டில் அச்சேறிய 'மேற்றிசைப் பயணம்' என்னும் பெருநூல் விரித்துரைக்கின்றது.

பாறையினின்றும் பிறந்த அக்குரங்கு, சாவை வெல்லும் வழி தேடிச் சுபூதி என்னும் முனிவரை அடைந்தது. அவர் அதனை மாணாக்கனாக ஏற்றுச் சுன் ஊகோங் எனப் பெயரிட்டார். ஊகோங் என்பதற்கு 'வெறுமையை உணர்ந்தவன்' என்பது பொருள். தன் பெயரின் பொருளைத் தவிர ஏனைய யாவற்றையும் அவன் விரைந்து கற்றான். 72 வகை உருமாற்றங்கள் அவனுக்குக் கைவந்தன.

ஒருநாள் உடன்கற்போர், "நீ கற்றதைக் காட்டுக, பைன் மரமாகுக" என்று வேண்டினர். அக்கணமே அவன் மரமாக நின்றான். குரங்கின் சாயல் எள்ளளவும் அதன்கண் இல்லை. அனைவரும் கைகொட்டி ஆரவாரித்தனர். ஓசை கேட்டு வெளிப்போந்த முனிவர் அவனைக் கடிந்து வெளியேற்றினார். தம் மாணாக்கன் என எங்கும் சொல்லலாகாது எனவும் ஆணையிட்டார். சிறு பிழைக்குப் பெருந்தண்டனை எனச் சிலர் கருதுவர். ஆயின், அவர் கூறிய காரணத்தை மாணவர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். ஒருவனிடம் அரிய வித்தை இருப்பதைக் கண்டோர் அதனைத் தமக்கும் தருமாறு கேட்பர், அஞ்சினால் கொடுத்தே தீரவேண்டும், மறுத்தாலோ பகை மூளும், உயிர்க்கே உறுதியில்லை. வித்தையைக் கற்பித்தவருக்கன்றோ அதன் அச்சம் தெரியும்!

ஊகோங் திருந்தினானல்லன். 'விண்ணுக்கு நிகரான பெருஞானி' என்று தன்னைத் தானே அழைத்துக்கொண்டு வானுலகத்தோடு போர் தொடுத்தான். அவனைப் பிடிக்க எர்லாங் என்னும் தேவன் வந்தான். இவன் குருவியானால் அவன் பருந்தானான். இவன் நீர்ப்பாம்பானால் அவன் நாரையானான். இறுதியில் ஊகோங் மலைச்சரிவில் ஒரு சிறு கோயிலாக அமர்ந்தான். வாய் வாயிலாயிற்று, பற்கள் கதவுகளாயின, கண்கள் பலகணிகளாயின, நாவே தெய்வ உருவாயிற்று. வாலை மட்டும் எங்கே வைப்பது? அதனைப் பின்புறத்தே கொடிமரமாக நிறுத்தினான். கொடிமரம் பின்னே நிற்கும் கோயிலை எர்லாங் எங்கும் கண்டதில்லை. "முதலிற் பலகணிகளை இடிப்பேன், பின்னர்க் கதவை உதைப்பேன்" என்றான். கண்ணும் பல்லும் போய்விடுமே என நடுங்கிக் கோயில் துள்ளி ஓடிற்று! நகைச்சுவை மிக்க இப்பகுதியைச் சீனச் சிறுவர் மறவார்.

பின்னர்ப் புத்தர் அவனை நோக்கி, தம் உள்ளங்கையைத் தாண்டினால் வானுலக அரியணை அவனுக்கே என்றார். ஒரு தாவலில் 1,08,000 லி கடக்க வல்ல ஊகோங் நகைத்துப் பாய்ந்தான். (லி என்பது சீனரின் வழியளவை.) உலகின் எல்லை போலும் ஐந்து தூண்கள் தோன்றின. நடுத்தூணில், பெருஞானி இங்கு வந்தான் என்று தன் பட்டப்பெயரை எழுதி மீண்டான். புத்தர் தம் நடுவிரலைக் காட்டினார். எழுத்து அங்கே இருந்தது.

அவ்வைந்து விரல்களே மலையாகி அவனை அழுத்தின. 72 உருவம் அறிந்தவன் தலையை வெளியே நீட்டி 500 ஆண்டுகள் கிடந்தான். பசித்தபோது இரும்புக் குண்டுகளும், விடாய்த்தபோது உருகிய செம்பும் அவனுக்கு உணவாயின.