மடிக்கணினி வாங்குவோர் கவனத்திற்கு

சகோதர வணிகர்களே! ஜொகூர் பாரு ஹாலிடே பிளாசாவில் மடிக்கணினி வாங்கப் புகுமுன், அது எதற்கென்று நாம் தீர்மானித்தல் அவசியம். விளையாட்டுக்குத் தனி கிராபிக்ஸ் சிப் வேண்டும். அது மின்சாரத்தை மிகுதியாக உண்டு சூடேறும். சூட்டைத் தணிக்க விசிறிகள் வேண்டும். ஆகவே எடை பெரும்பாலும் 2 கிலோவைத் தாண்டும். பாட்டரியும் விரைவில் இறங்கும். கடைக்கணக்கு, படம், பாட்டு ஆகியவற்றிற்கு 16 ஜிபி நினைவகமும் தெளிவான திரையும் போதும், 1.5 கிலோவுக்குள் கிடைக்கும். பாலம் கடந்து சிங்கப்பூர் சென்றுவரும் வணிகருக்கு இதுவே தக்கது. பிள்ளைகள் விரும்பும் விளையாட்டுக் கணினியைக் கடைக்கென்று வாங்கினால், முதல் முடங்கும், தோளும் நோகும். வீட்டுக்கு வேண்டுமாயின் வீட்டுக் கணக்கிலேயே எழுதுவோம். வீட்டுக்கு வாங்கும் சாமானுக்கு 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கும். ரசீதையும் உத்தரவாதச் சீட்டையும் பத்திரப்படுத்துவோமாக.