நெற்றியில் ஊசி: ஆடுகிறவர்கள் கவனத்துக்கு

நெற்றிச் சுருக்கத்துக்கு போடாக்ஸ் ஊசி போட்டுக்கொள்ள நினைக்கிற நாட்டியக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். போடுகிறவர் உங்களைப் புருவத்தைத் தூக்கச் சொல்லி, சுளிக்கச் சொல்லி, பிறகு சும்மா இருக்கச் சொல்லிப் பார்க்கவில்லை என்றால் நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். எனக்கு முதலில் போட்ட கிளினிக்கில் அதைச் செய்யவில்லை. படிவத்தில் தொழில் என்ற இடத்தில் ‘பரதநாட்டிய ஆசிரியை’ என்று தெளிவாக எழுதிக் கொடுத்தேன். யாரும் படிக்கவில்லை. படித்திருந்தால் அந்த மார்கழியில் என் பதங்களுக்கு அந்தக் கதி வந்திருக்காது.

புருவத்தை மேலே தூக்க நமக்கு இருப்பது ஒரே ஒரு தசை, ஃப்ரான்டாலிஸ். அது சுருங்கும்போதுதான் நெற்றியில் குறுக்குக் கோடுகள் விழுகின்றன. கீழே இழுக்கிற தசைகளோ பல. புருவங்களுக்கு நடுவிலும் கண்ணைச் சுற்றியும் இருக்கின்றன. எனக்குக் கொடுத்தது ‘நெற்றி மட்டும்’ என்ற பேக்கேஜ். தூக்குகிற தசையை அடக்கிவிட்டு, இழுக்கிற தசைகளை அப்படியே விட்டுவிட்டார்கள். ஊசியையும் புருவத்துக்கு மிக அருகில் இறக்கினார்கள். புருவம் இறங்காமல் என்ன செய்யும்? அமெரிக்காவில் 2017ல் நெற்றிக் கோடுகளுக்கு போடாக்ஸை அனுமதித்தபோதே, நெற்றியில் ஐந்து இடங்களில் மொத்தம் 20 யூனிட், கூடவே புருவ நடுவில் 20 யூனிட் என்று சேர்த்துத்தான் சொன்னார்கள். மருந்தோடு வரும் குறிப்பிலேயே இருக்கிற விஷயம் இது.

இன்னொன்றையும் அந்தக் கிளினிக்கில் பார்க்கவில்லை. நாற்பதைத் தாண்டினால் நம்மில் பலருக்கு மேல் இமை கனத்துவிடும். அது தெரியாமல் நாள் முழுக்க நெற்றியால் கண்ணைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்போம். வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணை மூடி நெற்றியைத் தளர்த்துங்கள். புருவம் நகராமல் விரலால் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறங்கள். இமைத் தோல் கண்மேல் வந்து உட்கார்ந்தால் உங்கள் நெற்றித் தசை ஓய்வில்லாமல் உழைக்கிறது என்று அர்த்தம். அதை அடக்கினால் கண் சிறுத்துப்போகும். எனக்கு அப்படித்தான் ஆனது.

ஊசி வேலை செய்ய மூன்று நாலு நாளாகும். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம். டிசம்பர் முதல் வாரத்தில் போட்டால் சபாவில் ஆடும் நாளில் அது உச்சத்தில் இருக்கும். இதை அவர்கள் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். அந்த மார்கழி மேடையில், பதத்தில் நாயகி வாசலில் காலடிச் சத்தம் கேட்டு நிமிர்கிற இடம். கண் போனது, புருவம் வரவில்லை. நாட்டிய சாஸ்திரம் சொல்கிற ஏழு புருவ பேதங்களில் முதலாவதான உத்க்ஷேபமே என்னிடம் இல்லை. கோபத்துக்கான ப்ருகுடி மட்டும் நன்றாக வந்தது, அந்தத் தசையை அவர்கள் தொடவில்லை அல்லவா! முன்வரிசையில் இருந்த ஒரு மூத்த கலைஞர், “முகத்துல பாவமே இல்லையே, என்னம்மா ஆச்சு?” என்று எல்லார் எதிரிலும் கேட்டார். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.

கிளினிக்குக்குத் திரும்பிப் போனேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து எழுதி, அதற்கும் பணம் வாங்கினார்கள். அந்தச் சொட்டு இமை தொங்கினால் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் தூக்கிக் கொடுக்கும். இறங்கிய புருவத்தை ஒன்றும் செய்யாது. இமை இறங்குவதும் புருவம் இறங்குவதும் வேறு வேறு. அந்த வேறுபாடு தெரியாதவர் கையில் ஊசி இருக்கக் கூடாது. மருந்து ஒருமுறை நரம்பு முனைக்குள் போய்விட்டால் திரும்ப எடுக்க மாற்று மருந்து கிடையாது. தசைக்குக் கட்டளை சொல்கிற அசிடைல்கோலினை அது அங்கேயே தடுத்துவிடுகிறது. நரம்பு தானாகத் தேறும்வரை மூன்று நாலு மாதம் காத்திருக்க வேண்டியதுதான். காத்திருந்தேன். வகுப்பில் குழந்தைகளுக்குப் புருவத்தை வாயால் சொல்லிக் கொடுத்தேன்.

மற்றதெல்லாம் சாதாரணம். வலி எறும்புக்கடி அளவுதான். பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அன்றைக்குப் பயிற்சி வேண்டாம், நெற்றியைத் தேய்க்க வேண்டாம், நாலு மணி நேரம் படுக்க வேண்டாம், தலைசாமான் கட்டவே வேண்டாம். கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் தசைப் பலவீன நோய் உள்ளவர்களும் இந்தப் பக்கமே வரக் கூடாது. குப்பியை உங்கள் எதிரில் திறக்கச் சொல்லுங்கள். எந்த பிராண்ட், எத்தனை யூனிட் என்று எழுதி வாங்குங்கள். ஒரு பிராண்டின் யூனிட்டும் இன்னொன்றின் யூனிட்டும் ஒன்றல்ல.

இவ்வளவு பட்டும் ஏன் மறுபடி போட்டுக்கொண்டாய் என்று வீட்டில் கேட்டார்கள். விஷத்தை நெற்றியில் ஏற்றுகிறாளே என்று நாத்தனார் ஊரெல்லாம் சொன்னாள். விஷம்தான், மறுக்கவில்லை. ஆனால் சான்பிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்ற கண் டாக்டர் மாறுகண்ணைச் சரிசெய்யத் தேடிக் கண்டுபிடித்த சிகிச்சை அது. 1989லேயே அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. கனடாவில் கண் துடிப்புக்கு ஊசி போட்டுக்கொண்ட ஒரு பெண்மணி தன் முகச் சுளிப்பு மறைந்ததைச் சொன்ன பிறகுதான், ஜீன் கரதர்ஸ் என்ற டாக்டரும் அவர் கணவர் அலஸ்டரும் இதை அழகுக்குக் கொண்டுவந்தார்கள். சின்ன வயதிலிருந்து அபிநயத்துக்காகத் தூக்கித் தூக்கி என் நெற்றியில் கோடு விழுந்தது. பதினாறு வயது நாயகியாக நிற்கும்போது யாரோ ஒருவரின் செல்போன் அந்தக் கோடுகளைப் பெரிதாக்கிப் படம் பிடிக்கிறது. ஆட வந்தவள் முகத்தைப் பேணுவதில் தவறில்லை என்றே நான் நினைக்கிறேன். தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டு மேடை ஏறுகிறவர்கள் என்னிடம் இயற்கையைப் பற்றிப் பேச வேண்டாம்.

இரண்டாவது முறை எம்.டி. முடித்த ஒரு தோல் டாக்டரிடம் போனேன். அக்டோபரிலேயே போனேன், திருத்த நேரம் வேண்டும் என்று. அவர் என்னை ஆடச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு பதத்தின் இரண்டு வரி அபிநயம் பிடித்தேன். பென்சிலால் நெற்றியில் புள்ளி வைத்துக்கொண்டே பார்த்தார். மருந்துக் குறிப்பில் இருக்கும் அளவில் பாதிகூடப் போடவில்லை. எல்லாம் நெற்றியின் மேல்பாதியில். புருவ நடுவிலும் கொஞ்சம். “கோடு மொத்தமா போகாதும்மா, பாதி நிக்கும். பரவாயில்லையா?” என்று முன்கூட்டியே கேட்டார். சும்மா இருக்கும்போதும் தெரிகிற ஆழமான கோடு ஊசியால் மட்டும் மறையாது என்றும் சொன்னார். நான் தேடிக்கொண்டிருந்தது அந்தப் பேச்சைத்தான்.

இரண்டு வாரம் கழித்து அவர் எதிரில் ஏழு புருவ பேதங்களையும் செய்து காட்டினேன். உத்க்ஷேபம் வந்தது. ரேசிதத்தில் மட்டும் இடது புருவம் கொஞ்சம் தாமதமாக எழுந்தது. அவர் அதைக் கோப்பில் குறித்துக்கொண்டு, அடுத்த முறை இடப்பக்கம் ஒரு புள்ளியைக் குறைத்துவிட்டார்.